கார்னெட் மோதிரம் வாங்கும் ஆண்கள் கவனிக்க வேண்டியது என்ன?

தாத்தா கையிலோ சித்தப்பா கையிலோ தேன் நிறக் கல் வைத்த மோதிரம் ஒன்றைப் பார்த்திருப்பீர்கள். கேட்டால், "கோமேதகம்பா, ராகுவுக்குப் போட்டிருக்கேன்" என்பார்கள். இன்னொரு பக்கம் இன்ஸ்டகிராமில் மாதுளை நிறக் கல் பதித்த ஆண்கள் மோதிரங்கள் வரிசை கட்டி வருகின்றன. 'கார்னெட், ஜனவரியில் பிறந்தவர்களுக்கான கல்' என்று அதற்கு ஒரு விளம்பரம்.

இரண்டும் ஒரே குடும்பம் என்பது பலருக்குத் தெரியாது. கோமேதகம் என்பது ஹெசோனைட் எனப்படும் ஒரு வகைக் கார்னெட். ஒரே குடும்பக் கல்லை ஒருவர் ஃபேஷன் நகையாக விற்கிறார், இன்னொருவர் பரிகாரமாக விற்கிறார். விலைச்சீட்டு மட்டும் வேறு மாதிரி இருக்கிறது. முதல் சம்பளத்தில் ஒரு மோதிரம் போடலாம் என்று நினைப்பவர்கள் அந்தக் கல்லைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொண்டு கடைக்குள் போவது நல்லது.

கார்னெட் என்றால் என்ன?

கார்னெட் ஒரே ஒரு கல்லின் பெயர் அல்ல. ஒரே மாதிரிப் படிக அமைப்பு கொண்ட பல சிலிக்கேட் கனிமங்களுக்கு அது பொதுப்பெயர். அவற்றில் இரும்பு, மெக்னீசியம், மாங்கனீசு, கால்சியம், அலுமினியம் போன்றவை எந்த அளவில் கலந்திருக்கின்றன என்பதைப் பொறுத்து நிறம் மாறும்.

கடைகளில் அதிகம் கிடைப்பது அல்மண்டைன். இரும்புச் சத்து கூடுதல் என்பதால் அடர்ந்த சிவப்பு, சில நேரம் கிட்டத்தட்டக் கறுப்பு. பைரோப் இன்னும் தூய சிவப்பு. இரண்டும் கலந்த ரோடோலைட்டில் ஊதா சாயல் தெரியும். ஸ்பெசார்டைன் ஆரஞ்சு. பச்சையில்கூடக் கார்னெட் உண்டு. 1967ஆம் ஆண்டு தான்சானியாவில் கண்டெடுக்கப்பட்ட ஒரு பச்சைக் கார்னெட்டுக்குக் கென்யாவின் சாவோ தேசியப் பூங்காவை ஒட்டி 'சாவொரைட்' என்று பெயர் வைத்தார்கள். சாவொரைட்டும் ரஷ்யாவின் யூரல் மலைப்பகுதியில் முதலில் கிடைத்த டெமன்டாய்டும் சிவப்புக் கார்னெட்டைவிடப் பல மடங்கு விலை கூடியவை. ஆண்கள் மோதிரத்துக்கு நம் கடைகளில் பெரும்பாலும் கேட்கப்படுவது சிவப்பும் தேன் நிறமும்தான். இங்கேயும் அவற்றைப் பற்றியே பேசுவோம்.

பெயருக்கு ஒரு சின்னக் கதை உண்டு. 'கார்னெட்' என்ற சொல் மாதுளையைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. மலாய் தெரிந்தவர்கள் சிரிக்கலாம், 'டெலிமா' என்றால் மாதுளை, அதே சொல் சிவப்பு மாணிக்கத்துக்கும் பெயர். ரெண்டு ஊர்க்காரர்களுக்கும் சிவப்புக் கல்லைப் பார்த்ததும் மாதுளை முத்துதான் ஞாபகம் வந்திருக்கிறது.

தமிழ்நாட்டுக்கும் இந்தக் கல் புதிதல்ல. ஈரோடு மாவட்டம் கொடுமணல் அகழாய்வில் கிடைத்த மணிகளில் கார்னெட்டும் உண்டு. தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரிக் கடற்கரைகளில் சில இடங்களில் மணல் சிவப்பாகத் தெரிவதற்குக் காரணமும் கார்னெட் துகள்தான். அந்த மணலை உப்புத்தாள் செய்யவும், அதிவேக நீருடன் கலந்து உலோகத்தை வெட்டவும் பயன்படுத்துகிறார்கள். 2013இல் தமிழக அரசு தடை விதித்த தாது மணல் விவகாரத்தில் அடிபட்ட கனிமங்களில் இதுவும் ஒன்று. ஆக, கார்னெட் பூமியில் அரிதான பொருள் கிடையாது. நகைக்கு ஏற்ற அளவில், விரிசல் இல்லாமல், நல்ல நிறத்தில் கிடைப்பதுதான் குறைவு. 'ரொம்ப அபூர்வமான கல், தம்பி' என்று கடையில் சொன்னால் இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

கடையில் கல்லை எப்படிப் பார்ப்பது?

முதலில், கடை விளக்கை நம்ப வேண்டாம். நகைக்கடைக் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் கூர்மையான விளக்கொளியில் எந்தச் சிவப்புக் கல்லும் தணல் மாதிரி ஜொலிக்கும். வாசலுக்கு எடுத்துப்போய் நடைபாதையில் நின்று பகல் வெளிச்சத்தில் பார்க்கக் கேளுங்கள். தேக்காவில் பல கடைக்காரர்கள் கூடவே ஒருவரை அனுப்பிக் காட்டுவார்கள். வெளிச்சத்தில் சிவப்பு தெரிந்தால் நல்லது. வெறும் கறுப்புப் பொட்டாகத் தெரிந்தால், அலுவலகத்தில் நீங்கள் கை நீட்டும்போதும் அப்படித்தான் தெரியும். ஆண்கள் மோதிரத்துக்குப் பெரிய கல் கேட்கிறோம். கல் பெரிதாகவும் தடிமனாகவும் ஆக, அல்மண்டைன் கறுத்துக்கொண்டே போகும். 10 மில்லிமீட்டர் கறுப்புக் கல்லைவிட 7 மில்லிமீட்டரில் உயிருள்ள சிவப்பு எடுப்பாக இருக்கும் என்பது என் கருத்து.

அடுத்தது பூதக்கண்ணாடி. 10 மடங்கு பெரிதாக்கும் கண்ணாடி எல்லா நகைக்கடையிலும் இருக்கும், கேட்டால் தருவார்கள். உள்ளே உருண்டையான காற்றுக் குமிழ்கள் தெரிந்தால் அது கண்ணாடியாக இருக்க வாய்ப்பு அதிகம். கோமேதகத்துக்குத் தனி அடையாளம் ஒன்று உண்டு. சர்க்கரைப் பாகைத் தண்ணீரில் ஊற்றிக் கலக்கியது போல உள்ளே அலையலையாகத் தெரியும். அதைக் குறை என்று நினைத்துவிடாதீர்கள், அது ஹெசோனைட்டின் இயல்பு. தேன் நிறக் கல் உள்ளே முழுக்கச் சுத்தமாக, கண்ணாடி போல இருந்தால்தான் ஒருமுறை யோசிக்க வேண்டும். சிட்ரின் எனப்படும் மஞ்சள் குவார்ட்ஸும் அதே நிறத்தில் கிடைக்கிறது.

காந்தச் சோதனை பற்றி இணையத்தில் படித்திருப்பீர்கள். அதில் உண்மை இருக்கிறது. இரும்போ மாங்கனீசோ உள்ள கார்னெட்டை, சக்திவாய்ந்த நியோடிமியம் காந்தம் லேசாக இழுக்கும். தண்ணீரில் மிதக்கும் தெர்மாகோல் துண்டின் மேல் தனிக்கல்லை வைத்து, பக்கத்தில் காந்தத்தைக் கொண்டுபோனால் அல்மண்டைன் மெல்ல நகர்ந்து வரும். மாணிக்கமும் சாதாரணக் கண்ணாடியும் அப்படி வராது. கோமேதகத்தில் இந்த ஈர்ப்பு குறைவு என்பதால் அது நகராவிட்டால் போலி என்று முடிவு கட்டக்கூடாது. மோதிரத்தில் பதித்துவிட்ட கல்லுக்கும் இந்தச் சோதனை சரிவராது.

உறுதியான பதில் வேண்டுமென்றால் ரத்தினப் பரிசோதனைக்கூடம்தான். ஆனால் கொஞ்சம் கணக்குப் போடுங்கள். சாதாரணச் சிவப்புக் கார்னெட் ஒன்றுக்கு அறிக்கை வாங்கும் செலவு சில நேரம் கல்லின் விலையையே தாண்டிவிடும். பெரிய தொகை கேட்கும் கோமேதகத்துக்கோ பச்சைக் கார்னெட்டுக்கோ அறிக்கை கேட்பது நியாயம்.

பெயர்களிலும் கவனம் தேவை. 'கேப் ரூபி', 'போஹீமியன் ரூபி', 'அரிசோனா ரூபி' என்றெல்லாம் எழுதியிருந்தால் மயங்க வேண்டாம். அவை ரூபியே அல்ல, மூன்றும் சிவப்புக் கார்னெட்டுக்கு வியாபாரிகள் வைத்த பழைய பெயர்கள். அதேபோல 'அன்ஹீட்டட்', அதாவது சூடுபடுத்தாத கல், என்பதற்குத் தனி விலை கேட்டாலும் காரணம் கேளுங்கள். மாணிக்கம், நீலக்கல் விஷயத்தில் அது பெரிய வித்தியாசம். சிவப்புக் கார்னெட்டைப் பொதுவாக யாரும் சூடுபடுத்துவதே இல்லை.

ரசீதில் என்ன இருக்க வேண்டும்?

பலர் கோட்டை விடுவது இங்கேதான். 22 காரட் தங்கத்தில், அதாவது 916 முத்திரையில், ஆண்கள் மோதிரம் செய்தால் மொத்த விலையில் பெரும்பகுதி தங்கத்துக்குத்தான் போகும். கல்லின் பங்கு பெரும்பாலும் சிறியது. ஆகவே கல்லுக்குப் பேரம் பேசிக் களைப்பதைவிடத் தங்கத்தின் எடை எப்படிக் கணக்கிடப்படுகிறது என்று பார்ப்பதில்தான் காசு மிச்சமாகும்.

ஒரு காரட் என்பது 0.2 கிராம். 7 காரட் கோமேதகம் என்றால் 1.4 கிராம். மோதிரத்தைக் கல்லோடு தராசில் வைத்து, வரும் எடை முழுவதற்கும் தங்க விலை போட்டால், அந்த 1.4 கிராம் கல்லையும் நீங்கள் தங்க விலையில் வாங்குகிறீர்கள். அதற்கு மேல் கல்லுக்கென்று தனி விலை வேறு. அதனால் 'கல் எடை கழிச்சாச்சா?' என்று வாய்விட்டுக் கேளுங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம், நம் அம்மாக்கள் எல்லாரும் கேட்கும் கேள்விதான் அது.

தங்கத்தின் நிகர எடையும் தரமும், கல்லின் பெயரும் காரட் எடையும், செய்கூலி, பொருள் சேவை வரி எல்லாம் ரசீதில் தனித்தனியாக இருக்கட்டும். 'ரெட் ஸ்டோன்' என்று மட்டும் எழுதினால் ஏற்காதீர்கள். 'இயற்கைக் கார்னெட்' அல்லது 'ஹெசோனைட்' என்று எழுதச் சொல்லுங்கள். பரிகாரக் கல் விற்பவர்கள் 'ரத்தி' கணக்கில் எடை சொல்வார்கள். ஒரு ரத்தி எத்தனை கிராம் என்பது கடைக்குக் கடை மாறுவதால் காரட்டில் கேட்பதே பாதுகாப்பு.

வாங்கிய பிறகு, சொன்னது ஒன்று கொடுத்தது ஒன்று என்று தெரியவந்தால் இந்த ரசீதுதான் உங்கள் ஆதாரம். பொருளைப் பற்றிப் பொய்யான தகவல் சொல்லி விற்பது சிங்கப்பூரின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி நியாயமற்ற வர்த்தகச் செயல். பயனீட்டாளர் சங்கத்தின் உதவியை நாடலாம். சிறு உரிமைக்கோரல் நடுவர் மன்றத்தில் 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை 2 ஆண்டுக்குள் பதிவுசெய்யலாம். இரு தரப்பும் ஒப்புக்கொண்டால் வரம்பு 30,000 வெள்ளி. அங்கே வழக்கறிஞர் வாதாட மாட்டார், நீங்களேதான் பேச வேண்டும்.

"ராகுவுக்குப் போடச் சொல்லியிருக்காங்க"

நவரத்தினங்களில் கோமேதகம் ராகுவுக்கு உரியது என்பது சோதிட நம்பிக்கை. கல்லின் அடிப்பக்கம் விரலில் படும்படி திறந்து வைப்பதும், நடுவிரலில் அணிவதும் அந்த வழக்கத்தைச் சேர்ந்தவை. கல் அணிந்தால் வேலை கிடைக்கும், தடை நீங்கும் என்பதற்கு அறிவியல் ஆதாரம் இல்லை. அப்பா அம்மாவின் மனநிறைவுக்காகப் போட்டுக்கொள்ளும் இளையர்கள் நிறையப் பேர், அதைக் கேலி செய்ய இங்கே இடமில்லை.

ஆனால் காசு விஷயத்தில் கறாராக இருக்கலாம். பலன் சொல்பவரே ஒரு குறிப்பிட்ட கடையின் பெயரையும் சொல்லி, 'இன்னைக்கே வாங்கணும்' என்று அவசரப்படுத்தினால் ஒரு நாள் தள்ளிப்போடுங்கள். அதே எடையில், அதே நிறத்தில் ஒரு ஹெசோனைட் வேறு 2 கடைகளில் என்ன விலை என்று கேட்டுப் பாருங்கள். 'பூஜை செய்த கல்' என்றால் கல்லின் விலை எவ்வளவு, பூஜைக்கு எவ்வளவு என்று பிரித்துக் கேட்கலாம். வேலை தேடிக்கொண்டிருக்கும் ஒருவர், வேலை கிடைப்பதற்காகக் கடன் வாங்கிக் கல் வாங்குவதை எந்தக் கணக்கிலும் நியாயப்படுத்த முடியாது.

தங்கமா, வெள்ளியா?

சிங்கப்பூரில் 'வெள்ளி' என்றால் காசும் அதுதான், உலோகமும் அதுதான். இங்கே உலோகத்தைச் சொல்கிறேன். 925 முத்திரை உள்ள வெள்ளி விலை குறைவு, கார்னெட்டின் சிவப்புக்கும் பொருந்தும். ஆண்கள் தங்கம் அணிவதில்லை என்பதால் தமிழ் முஸ்லிம் இளையர்கள் பெரும்பாலும் தேர்ந்தெடுப்பதும் வெள்ளி மோதிரம்தான். வெள்ளியின் குறை, நம் ஊர் வியர்வைக்கும் ஈரப்பதத்துக்கும் சீக்கிரம் கறுக்கும், மெதுவான உலோகம் என்பதால் நசுங்கவும் செய்யும். 22 காரட் தங்கமும் மெதுவானதுதான். தினமும் போடுவதற்கு, கல்லை இறுக்கமாகப் பிடித்து வைக்க, 18 காரட் தங்கம், அதாவது 750 முத்திரை, கூடுதல் உறுதி. தேன் நிறக் கோமேதகத்துக்கு மஞ்சள் தங்கம் பொருந்துவது போல வெள்ளி பொருந்துவதில்லை என்பது தனிப்பட்ட ரசனை.

கல் எப்படிப் பதிக்கப்பட்டிருக்கிறது?

மோஸ் அளவுகோலில் கார்னெட்டின் கடினத்தன்மை 6.5 முதல் 7.5 வரை. மாணிக்கமும் நீலக்கல்லும் 9. சாதாரணத் தூசியிலும் மணலிலும் இருக்கும் குவார்ட்ஸ் 7. அதாவது, மேசையில் படிந்த தூசியே கார்னெட்டின் விளிம்பை நாள்பட மழுக்க முடியும். இன்னொன்று, கீறல் விழாத கல் உடையாது என்று அர்த்தமில்லை. ஜிம்மில் டம்பெல் பிடிக்கும்போதும், எம்ஆர்டி கம்பியில் கை மோதும்போதும் ஓரத்தில் சில்லு பெயரலாம்.

அதனால் ஆண்கள் மோதிரத்தில் கல்லைச் சுற்றி உலோக விளிம்பு எழுப்பிப் பதிப்பதே நல்லது. கடைகளில் 'பெசல் செட்டிங்' என்று கேளுங்கள். நான்கு அல்லது ஆறு கம்பிகள் கல்லைப் பிடித்திருக்கும் வகை அழகுதான், வெளிச்சமும் நன்றாக உள்ளே போகும். ஆனால் அது சட்டையில் மாட்டும், பைக்குள் கைவிட்டால் நூலை இழுக்கும், ஒரு கம்பி வளைந்தால் கல் விழும். பெசலில் ஒரு சிக்கல், அடிப்பக்கமும் அடைத்துவிட்டால் அடர்ந்த கல் இன்னும் கறுத்துவிடும். சுற்றி விளிம்பு, அடியில் திறப்பு என்று இருந்தால் இரண்டுக்கும் சரி. பட்டை தீட்டாமல் மேலே வழவழப்பாகக் குவிந்திருக்கும் கல்லில் சில்லு பெயரக் கூரான ஓரங்கள் இல்லை. பழைய காலத்துக் கம்பீரமும் இருக்கும். கையால் வேலை செய்பவர்களுக்கு அதைத்தான் பரிந்துரைப்பேன்.

கல் விரலிலிருந்து எவ்வளவு உயரம் நிற்கிறது என்றும் பாருங்கள். உயரம் கூடினால் இடி வாங்குவதும் கூடும். நாம் கையால் சாப்பிடுகிறவர்கள் வேறு. வலக்கை மோதிரத்தின் அடித்திறப்பில் சாம்பாரும் சோறும் போய் ஒட்டிக்கொள்ளும், பளபளப்பு போவதற்கு முதல் காரணமே அந்த எண்ணெய்ப் படலம்தான். சோதிடப்படி வலக்கைதான் என்று இருப்பவர்கள் தினமும் கழுவ வேண்டும். மற்றவர்கள் இடக்கையில் போட்டால் மோதலும் குறையும், கறையும் குறையும்.

எந்த அளவு? எப்போது கழற்ற வேண்டும்?

ஒரே விரல் காலையில் ஓர் அளவு, வெயிலில் நடந்து வந்தால் ஓர் அளவு. நம் வெப்பத்தில் விரல் வீங்கும், குளிரூட்டிய அலுவலகத்தில் சுருங்கும். ஓடி முடித்த உடனேயோ, குளிரில் நீண்ட நேரம் உட்கார்ந்த பிறகோ அளவெடுக்காதீர்கள். மோதிர எண் முறை நாட்டுக்கு நாடு வேறு என்பதால் இணையத்தில் வாங்கும்போது உள்சுற்றளவை மில்லிமீட்டரில் கேளுங்கள். அமெரிக்க அளவு 9 என்பது சுமார் 60 மில்லிமீட்டர். பட்டை அகலமான மோதிரம் இறுக்கமாக உணரப்படும், அதற்குக் கொஞ்சம் பெரிய அளவு தேவை. பொருந்தும் மோதிரம் விரல் மூட்டைத் தாண்டும்போது லேசாகத் தடுத்து, பிறகு தானாகச் சுற்றாமல் நிற்கும்.

மோதிரம் எதிலாவது மாட்டி, உடல் எடை முழுவதும் அந்த விரலில் இறங்கினால் தோலும் நரம்பும் உரிந்து வரலாம். மிகையாகச் சொல்லவில்லை. அமெரிக்கத் தொலைக்காட்சித் தொகுப்பாளர் ஜிம்மி ஃபேலன் 2015இல் வீட்டுச் சமையலறையில் தடுக்கி விழுந்தபோது மோதிரம் மேசையில் மாட்டிக்கொண்டது. விரலைக் காப்பாற்ற அறுவைச் சிகிச்சை, தீவிர சிகிச்சைப் பிரிவில் 10 நாள். காற்பந்து, ராக் கிளைம்பிங், புல்-அப், பட்டறை வேலை, பாரம் தூக்குவது, இவற்றுக்கு முன்னால் மோதிரத்தைக் கழற்றுங்கள். விரல் வீங்கி மோதிரம் சிக்கிக்கொண்டால் கையை மேலே தூக்கி, சோப்புத் தண்ணீர் போட்டு முயலலாம். விரல் நீலமாக மாறினாலோ மரத்துப்போனாலோ மருத்துவமனைக்குப் போக வேண்டும். தங்கத்தையும் வெள்ளியையும் அங்கே எளிதில் வெட்டிவிடுவார்கள். பிறகு ஒட்டவைத்துக்கொள்ளலாம், மோதிரத்தைப் பார்த்து விரலை விட்டுவிடாதீர்கள்.

பராமரிப்பு

வெதுவெதுப்பான தண்ணீர், பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு, மென்மையான பழைய பல்துலக்கி. கல்லின் அடிப்பக்கத்தைத் தேய்த்துக் கழுவி, துணியால் ஒற்றி எடுத்தால் போதும். தூசி படிந்த கல்லை உலர்ந்த துணியால் அழுத்தித் துடைக்க வேண்டாம், மேலே சொன்ன குவார்ட்ஸ் கதைதான். கொதிக்கும் தண்ணீரும் நீராவிச் சுத்தமும் ஆகாது. திடீர் வெப்ப மாற்றத்தில் கார்னெட் விரிசல் விடும். நீச்சல் குளத்துக் குளோரின் உலோகத்தைக் கெடுக்கும். வைரம், நீலக்கல் நகைகளோடு ஒரே டப்பாவில் போட்டால் அவை கார்னெட்டைக் கீறிவிடும், தனிப் பையில் வையுங்கள்.

அளவைப் பெரிதாக்கவோ சிறிதாக்கவோ கொடுக்கும்போது, நெருப்புக் காட்டும் முன் கல்லை எடுத்துவிடுவாரா என்று பொற்கொல்லரிடம் கேளுங்கள். தாத்தாவின் பழைய மோதிரத்தை உங்கள் விரலுக்கு மாற்றுவதாக இருந்தால் இது இன்னும் முக்கியம். பல வருடம் அணிந்த கல்லில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் ஏற்கெனவே இருக்கலாம். கொடுப்பதற்கு முன் கல்லைப் பக்கத்திலிருந்து ஒரு படம் எடுத்து, எடையையும் ரசீதில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். திரும்பி வருவது அதே கல்தானா என்று அப்போதுதான் சரிபார்க்க முடியும்.